யாருக்கென்று கட்டிய வீடு?

இருபதாம் நூற்றாண்டுக் கட்டடக்கலையைப் பற்றிய நூல்களைப் புரட்டுகிறவர் கண்ணில் ஒரு நிழற்படம் எப்படியும் பட்டுவிடும். இரவு நேரம். மலைச் சரிவின் விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் நீண்டு நிற்கும் ஒரு கண்ணாடி அறை. வெளிர் நிற ஆடை அணிந்த இளம்பெண்கள் இருவர் அதனுள் அமர்ந்து உரையாடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய காலடிக்குக் கீழே லாஸ் ஏஞ்சலஸ் மாநகரத்தின் தெருவிளக்குகள் நேர்நேர் கோடுகளாகத் தொடுவானம் வரை பரந்து கிடக்கின்றன. பியேர் கேனிக் என்னும் கட்டடக்கலைஞர் ஸ்டால் குடும்பத்தாருக்கென அமைத்த வீடு அது. 1960ஆம் ஆண்டு மே மாதம் ஜூலியஸ் ஷுல்மன் எடுத்த படம்.

படத்தின் அழகை மறுப்பதற்கில்லை. ஆயினும் கேட்டுத் தெளிய வேண்டியவை சில உண்டு. அப்பெண்கள் அவ்வீட்டினர் அல்லர். கட்டடக்கலை மாணவர்களின் தோழியர். படத்திற்கென்றே அன்றிரவு அழைத்து வரப்பட்டவர்கள். நகரத்தின் விளக்குகள் படச்சுருளில் பதியும்பொருட்டு ஏறத்தாழ ஏழு நிமிடம் காமிராவின் கண்ணைத் திறந்து வைத்திருந்த ஷுல்மன், அதன்பின் ஒரே ஒரு நொடி அறைக்குள் ஒளியைப் பாய்ச்சி அப்பெண்களையும் பதித்துக்கொண்டார். ஆக, அந்தக் காட்சியை எந்த மனிதக் கண்ணும் ஒருசேரக் கண்டதில்லை. வீட்டுக்காரரான ஸ்டால் பெருஞ்செல்வரும் அல்லர். 1954இல் அந்த மனையை 13,500 டாலருக்கு வாங்கியவர், கட்டட வேலை நடந்த இடங்களில் கழித்துப்போட்ட கான்கிரீட் உடைசல்களைத் தாமே ஏற்றி வந்து, தம் கையாலேயே அடுக்கி, சரிந்து கிடந்த நிலத்தைச் சமப்படுத்தினார். ஏறத்தாழ இரண்டு ஆண்டு உழைப்பு அது. அந்த உடைசல்களை நாம் படத்தில் காண்பதில்லை. 2025ஆம் ஆண்டின் இறுதியில் அவர் குடும்பத்தார் அவ்வீட்டை விலைக்கு அறிவித்தபோது கேட்ட தொகை இரண்டரைக் கோடி டாலர்.

இவ்விரண்டு தொகைகளுக்கும் இடையில் என்ன நடந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

1945 முதல் 1965 வரை எழுந்த இத்தகைய வீடுகளை இன்று ‘மிட் செஞ்சுரி மாடர்ன்’ என்ற பெயரால் அழைக்கிறார்கள். வீடுகள் எழுந்த காலத்தில் அப்பெயர் வழக்கில் ஊன்றியிருக்கவில்லை. 1984இல் அறைகலன்களைப் பற்றி வெளிவந்த ஒரு நூலின் தலைப்பே அதைப் பரப்பியது. இன்றோ அது வீட்டுத் தரகர்களின் மந்திரச் சொல். விளம்பரத்தில் அச்சொல்லைச் சேர்த்தால் விலை ஏறுகிறது. வானதூதர்களின் அரசியாகிய அன்னையின் பெயரால் 1781இல் தொடங்கப்பெற்ற அந்நகரில் இவ்வீடுகளைத் தேடிச் செல்வோருக்கென வழிகாட்டி நூல்களும் சுற்றுலாக்களும் உள்ளன. டேவிட் கெப்ஹார்டும் ராபர்ட் விண்டரும் எழுதிய வழிகாட்டி 1965இலேயே வெளிவந்துவிட்டது. பழங்கட்டடங்களைக் காக்க 1978இல் அங்கு ஒரு கழகமும் தோன்றியது. தேடுவதற்கு வழிகள் நிறையவே உள்ளன. கண்டதை எந்த அளவுகோலால் அளப்பது என்பதில்தான் சிக்கல்.

தொடக்கம் எளிமையானது. 1945ஆம் ஆண்டு சனவரி மாதம். உலகப் போர் இன்னும் முடியவில்லை. பொருளாதார வீழ்ச்சியும் போரும் சேர்ந்து பதினைந்து ஆண்டுக் காலம் வீடு கட்டும் பணியை முடக்கியிருந்தன. களத்திலிருந்து திரும்பப்போகும் இலட்சக்கணக்கான இளைஞர்களுக்குக் குடியிருக்க இடமில்லை. ‘ஆர்ட்ஸ் அண்ட் ஆர்க்கிடெக்சர்’ என்னும் சிற்றிதழின் ஆசிரியர் ஜான் என்டென்சா அப்போது ஓர் அறிவிப்பை வெளியிட்டார். சிறந்த கட்டடக்கலைஞர்களைக் கொண்டு மாதிரி வீடுகளை வரைவிப்பது, அவற்றைக் கட்டுவது, மக்களைப் பார்க்கச் செய்வது. போர்த் தொழிற்சாலைகள் கற்றுத்தந்த புதிய பொருள்களையும் முறைகளையும் சராசரிக் குடும்பத்தின் வீட்டுக்குப் பயன்படுத்துவது. ‘கேஸ் ஸ்டடி’ வீடுகள் என்று பெயர்பெற்ற இத்திட்டம் 1966 வரை நடந்தது. முப்பத்தாறு வடிவமைப்புகள் உருவாயின; அவற்றுள் சில தாளோடு நின்றுவிட்டன.

அக்கனவில் ஏதோ ஓர் இறைவாக்குத் தன்மை இருந்தது என்றே நான் கருதுகிறேன். சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் கணவனும் மனைவியும் போர்க்காலத்தில் கால் முறிந்த கடற்படை வீரர்களுக்காகப் பிளைவுட் பலகையை வளைத்துக் கட்டைகள் செய்து தந்தவர்கள். போர் முடிந்ததும் அதே கைத்திறனால் நாற்காலிகள் செய்தனர். வாள்கள் கலப்பைக் கொழுக்களாகும் நாளைக் கண்ட எசாயாவுக்கு இச்செய்தி பிடித்திருக்கும்.

ஆனால், மாதிரி என்பது பின்பற்றப்பட்டால்தான் மாதிரி. இவ்வீடுகளை யாரும் பேரளவில் பின்பற்றிக் கட்டவில்லை. எஃகுச் சட்டங்களைப் பொருத்தத் தேர்ந்த கைகள் வேண்டியிருந்தன; மரச்சட்டத்தில் ஆணியடித்துச் சாந்து பூசும் பழைய முறையோ மலிவாகவும் விரைவாகவும் இருந்தது. தட்டைக் கூரை வீட்டுக்குக் கடன் தர வங்கிகள் தயங்கின. அக்கம்பக்கத்து வயல்களில் வீட்டு வணிகர்கள் ஆயிரக்கணக்கில் வேறுவகை வீடுகளைக் கட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். போகப்போகத் திட்டத்தின் வீடுகள் பெரியனவாயின; நீச்சல் குளங்கள் வந்தன; மனைகள் மலையேறின. ‘எல்லாருக்கும்’ என்று தொடங்கிய திட்டம் காண்பவர் பெருமூச்சு விடும் காட்சிப்பொருளாக முடிந்தது. என்டென்சாவின் இதழைக் குறைகூற எனக்கு மனமில்லை. அதைத் திட்டத்தின் வெற்றி என்று இன்று எழுதுகிறவர்களிடம்தான் எனக்கு வழக்கு.

இத்திட்டத்தின் எட்டாவது வீடு மட்டும் தனியே நின்று பேசத்தக்கது. பசிபிக் பெருங்கடலை நோக்கிய பாலிசேட்ஸ் மேட்டில், ஈம்ஸ் தம்பதியர் தங்களுக்கென்றே கட்டிக்கொண்ட வீடு. முதலில் சார்ல்சும் நண்பர் ஏரோ சாரினெனும் வரைந்த திட்டம் வேறு: புல்வெளியின் குறுக்கே பாலம்போல் நீண்டு, கடலைப் பார்த்து நிற்கும் வீடு. போருக்குப் பிந்தைய தட்டுப்பாட்டால் எஃகு வந்துசேரக் காலம் தாழ்ந்தது. காத்திருந்த நாள்களில் இருவரும் அப்புல்வெளிக்குச் சென்று உணவருந்துவதும் மரநிழலில் அமர்வதுமாக இருந்தார்கள். நாளடைவில் அந்த வெளியின்மேல் அவர்களுக்கு அன்பு பிறந்துவிட்டது. தாங்கள் கட்டவிருந்த வீடு அந்த வெளியையே அழித்துவிடும் என்பது புரிந்தது. வந்த எஃகைத் திருப்பி அனுப்பாமல், வரைபடத்தை மாற்றினார்கள். அதே எஃகைக் கொண்டே வீட்டை மேட்டின் ஓரத்தில், யூகலிப்டஸ் மரவரிசைக்குப் பின்னால் ஒதுக்கி நிறுத்தினார்கள். 1949ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவிற்கு முந்திய நாளில் அதில் குடியேறினார்கள்.

நிலத்தின்மேல் ஆசைகொண்டவன் நிலத்தின் நடுவிலிருந்து விலகி நின்றுகொள்வது அரிதான செயல். கட்டடக் கலையில் துறவுக்கு எடுத்துக்காட்டுக் கேட்டால் நான் இவ்வீட்டையே சொல்வேன். எனினும் உள்ளே சென்று பார்த்தால் துறவியின் குகையாக இராது. வெளியே கறுப்புச் சட்டங்களுக்கிடையில் வெள்ளை, நீலம், சிவப்பு, பொன்னிறப் பலகைகள். உள்ளே பட்டங்கள், பொம்மைகள், கூழாங்கற்கள், சிப்பிகள், கூடைகள், மெழுகுவர்த்திகள், பல நாட்டுக் கைவினைப் பொருள்கள். பெரும்பாலானவை விலை குறைந்தவை. நவீன வீடு என்றாலே வெறுமை என்று எண்ணுகிறவர்கள் இங்கே தங்கள் எண்ணத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

இத்தம்பதியரை நம் நாட்டோடு பிணைக்கும் செய்தி ஒன்று உண்டு. இந்திய அரசின் அழைப்பின்பேரில் இங்கு வந்து பயணம் செய்து, 1958இல் ஓர் அறிக்கை அளித்தார்கள். 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்ற வித்திட்டது அவ்வறிக்கை. இந்தியாவில் தாங்கள் கண்ட பொருள்கள் அனைத்திலும் மிக அழகியதென அவர்கள் போற்றியது அரண்மனையையோ கோயிற்சிற்பத்தையோ அன்று. ‘லோட்டா’ எனப்படும் செம்பை. அதில் எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், இடுப்பில் எப்படி இருக்க வேண்டும், தலையில் எப்படி, நிறைந்திருக்கும்போது எப்படிச் சமன்படும், வெறுமையாயிருக்கும்போது எப்படி, விலை என்ன, பழசானால் உலோகம் என்ன பெறும் என்று கேள்விகளை அடுக்கிச்சென்று, எந்தத் தனிமனிதனும் அதை வடிவமைக்கவில்லை, தலைமுறைகள் வடிவமைத்தன என்ற முடிவுக்கு வந்தார்கள். நம் வீட்டுக் கிணற்றடியில் கிடக்கும் செம்பை நாம் அப்படிப் பார்த்ததில்லை. இன்று பிளாஸ்டிக் குவளைக்கு மாறிவிட்ட பிறகு பார்க்கவும் வழியில்லை. ஈம்ஸ் வீட்டைத் திறனாய்வதற்கான அளவுகோலை அவர்களே இவ்வாறு நம் கையில் தந்திருக்கிறார்கள். அச்செம்புக்குக் கேட்ட கேள்விகளையே வீட்டுக்கும் கேட்டுப் பார்க்கலாம்.

நம் வாசகர்களுக்கு உவப்பான இன்னொரு செய்தி. ஹாலிவுட்டிலிருந்த மாசற்ற இருதயக் கல்லூரியில் ஓவியம் கற்பித்த அருட்சகோதரி கொரிட்டா கென்ட், சார்ல்ஸ் ஈம்சைத் தம் ஆசிரியராகவே கருதியவர். மாணவியரை இவ்வீட்டுக்கு அழைத்துச் சென்று, பார்க்கப் பழக்கியவர். பார்த்தல் என்பதும் ஒருவகைச் செபம் என்ற எண்ணம் அவர் பணியில் ஊடுருவி நிற்கிறது. கடையில் விற்கும் ரொட்டியின் உறையிலுள்ள வண்ணப் புள்ளிகளைக்கொண்டு நற்கருணையைச் சுட்டும் அச்சோவியத்தை 1962இல் அவர் உருவாக்கியபோது, இரண்டாம் வத்திக்கான் சங்கம் அப்போதுதான் கூடத் தொடங்கியிருந்தது. மறைமாவட்டத் தலைமையோடு ஏற்பட்ட பிணக்குகளின் நடுவே 1968இல் சபையை விட்டு அவர் விலகிச் சென்றது வருந்தத்தக்க கதை. அதை ஈண்டு விரிக்க இடமில்லை. அவர் வேலை செய்த அச்சுக்கூடம் மிகச் சாதாரணமான கட்டடம். 2021இல் நகராட்சி அதை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. இடிக்க இருந்ததைக் காப்பாற்றினார்கள். கட்டடத்தில் அழகு எதுவும் இல்லை; அங்கு நிகழ்ந்தவற்றுக்காகவே காத்தார்கள். இம்முடிவில் மிகச் சிறந்த கட்டடத் திறனாய்வு அடங்கியிருக்கிறது.

இனி கண்ணாடியைப் பற்றி. எஃகும் கண்ணாடியும் சேர்ந்த இவ்வழகின் மூலவர்களுள் ஒருவர் மீஸ் வான் டெர் ரோ. செருமானியரான இவர் கத்தோலிக்க இறையியலாளர் ரொமானோ குவார்தினியின் நூல்களை ஊன்றிப் படித்தவர். ஓரங்களில் கோடிட்டு வைத்தவர். குருமடத்தில் குவார்தினியைத் திருவழிபாட்டு ஆசிரியராக மட்டும் அறிந்திருந்த எனக்கு இது பிற்காலத்தில் தெரியவந்தபோது வியப்பே மிஞ்சியது. இயந்திர யுகத்தைக் கண்டு புலம்பி ஓடாமலும் அதன் காலில் விழாமலும் அதற்குள் மனித மாண்பைக் காக்க வேண்டும் என்பதே குவார்தினியின் கவலை. தாங்கும் தூண் தாங்கும் தூணாகவே தெரிய வேண்டும். செங்கல் செங்கலாக, மரம் மரமாக. பொய் ஒப்பனை கூடாது. இந்த உண்மைப் பற்றை நான் பெரிதும் மதிக்கிறேன். சலவைக்கல் போலத் தோன்றும் ஓடும், பொன்போலத் தோன்றும் வண்ணமும் பூசிக்கொண்டு நிற்கும் நம் பங்கு இல்லங்கள் சிலவற்றுக்கு இப்பாடம் இன்றும் தேவைதான்.

ஆயினும் கண்ணாடிச் சுவர் வெளிப்படைத்தன்மையின் அடையாளம் என்று மேற்கத்தியத் திறனாய்வாளர்கள் எழுதுவதை அப்படியே ஏற்பதற்கில்லை. யாருக்கு வெளிப்படை? இவ்வீடுகளைத் தெருவிலிருந்து பாருங்கள். பெரும்பாலானவை தெருவுக்கு முதுகு காட்டி நிற்கின்றன. முன்புறத்தில் சன்னலற்ற சுவர். கார் நிறுத்தும் கொட்டகை. எங்கே கதவு என்று தேட வேண்டிய ஒரு நடை. கண்ணாடியெல்லாம் பின்புறத்துத் தோட்டத்தையோ பள்ளத்தாக்கையோ பார்த்தபடி இருக்கும். வானத்துக்கும் மரத்துக்கும் திறந்த வீடு அயலானுக்கு மூடியிருக்கிறது. வழிப்போக்கனுக்கென்று இரண்டு அடி அகலம் ஒதுக்கிய நம் திண்ணையை அறிந்தவர்களுக்கு இக்குறை உடனே உறுத்தும்.

அந்நகரில் சில வாரங்கள் இருக்க நேர்ந்தபோது, மலைமேலுள்ள புகழ்பெற்ற வீடுகளைவிடச் சமவெளியில் உள்ள மூன்று தெருக்கள் என் மனத்தில் நிலைத்துவிட்டன. நகரின் மேற்குப் பகுதியில் மார் விஸ்டா என்னும் இடம். பீத்தோவன் தெரு, மூர் தெரு, மேயர் தெரு என மூன்று. 1948இல் அங்கு ஐம்பத்திரண்டு வீடுகளை அமைத்தவரின் பெயரைத் தமிழில் எழுதினால் கிரகரி ‘ஏன்’ என்றாகும். வினாச் சொல்லையே பெயராகக் கொண்ட கட்டடக்கலைஞர்! குழப்பம் தவிர்க்கக் கிரகரி என்றே குறிப்பிடுகிறேன். சிறுவனாக இருந்தபோது சில காலம் பாலைநிலத்தில் அமைந்த ஒரு கூட்டுறவுக் குடியேற்றத்தில் வாழ்ந்தவர் அவர். வளர்ந்தபின் ரிச்சர்ட் நாய்ட்ரா என்னும் பெருங்கலைஞரிடம் தொழில் பயின்றவர். செல்வர்களுக்கு மாளிகை வரைவதில் அவருக்கு நாட்டமில்லை. தொழிலாளியும் ஆசிரியரும் வாங்கக்கூடிய வீட்டை அழகாக அமைப்பதே தம் கலைக்குச் சோதனை என்று கருதினார். இடதுசாரி என்பதால் உளவுத்துறை அவரைப் பல ஆண்டுகள் கண்காணித்தது.

இத்தெருக்களைக் கண்டுகொள்வது எளிதன்று. வண்டியில் விரைந்தால் தவறவிடுவீர்கள். நடக்க வேண்டும். முதலில் கண்ணில் படுவது வீடன்று, மரம். தோட்டக்கலைஞர் காரெட் எக்போ ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு மரத்தைத் தேர்ந்தார்: ஒன்றில் மக்னோலியா, ஒன்றில் தோல் உரியும் மெலலூக்கா, ஒன்றில் அத்தி இனத்து மரம். வீட்டு முன்புறங்களை வேலியிட்டுப் பிரிக்காமல் ஒரே பூங்காபோல ஓடவிட்டார். மரங்களுக்குப் பின்னால் தாழ்ந்த, தட்டையான கூரைகள். கூரைக்குச் சற்றுக் கீழே ஒடுங்கிய சன்னல் வரிசை. நூறு வீடுகளுக்கென்று தொடங்கிய திட்டம் பாதியில் நின்றதால் வரிசை சட்டென்று முடிந்து, அடுத்த வீடு வழக்கமான சாய்கூரையோடு நிற்கிறது. அந்த எல்லையில் நின்று இருபுறமும் திரும்பிப் பார்த்தால் கிரகரி செய்தது என்ன என்பது விளங்கும்.

வீடு ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஆயிரம் சதுர அடி. அடிப்படை வரைபடம் ஒன்றே ஒன்றுதான். அதைத் திருப்பியும் புரட்டியும், கார் கொட்டகையை முன்னும் பின்னும் நகர்த்தியும், ஒரே அச்சில் வார்த்தவை என்ற உணர்வே எழாதபடி செய்திருக்கிறார். உள்ளேதான் அவருடைய பரிவு தெரிகிறது. நகரும் சுவர்கள் உள்ளன. குழந்தைகள் இருவர் இருந்தால் ஓர் அறையை இரண்டாக மடித்துப் பிரிக்கலாம். விருந்தினர் வந்தால் படுக்கையறையைத் திறந்து கூடத்தோடு சேர்க்கலாம். சமையலறை ஒதுக்குப்புறத்தில் ஒளிந்திராமல் கூடத்தை நோக்கித் திறந்திருக்கிறது. அடுப்படியில் நிற்கும் தாய், பேச்சிலிருந்து விலக்கப்படவில்லை. சிறிய வீட்டில் வாழும் குடும்பம் பிள்ளைகள் பிறக்கவும் வளரவும் பிரியவும் எப்படியெல்லாம் மாறுகிறது என்பதை உட்கார்ந்து எண்ணிப் பார்த்த ஒருவரின் கைவேலை இது. மலையுச்சிக் கண்ணாடி அறையைவிட இந்த மடியும் சுவரையே நான் உயர்ந்த கலையாக மதிப்பிடுவேன். நிழற்படத்தில் இது விழாது. வாழ்ந்தால்தான் தெரியும்.

2003இல் நகராட்சி இத்தெருக்களைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது. போருக்குப் பிந்தைய நவீன வீடுகளுக்கென லாஸ் ஏஞ்சலசில் அமைந்த முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி அதுவே. வீடுகள் பிழைத்தன. எனினும், அவற்றுள் ஒன்றை வாங்க இன்று இருபது இலட்சம் டாலருக்கும் மேல் வேண்டும்.

எருசலேமின் அரசன் யோயாக்கிம் தனக்கு விசாலமான மாடங்களோடு மாளிகை கட்டினான், பெரிய சன்னல்கள் வைத்தான், கேதுரு மரப்பலகை பதித்தான், செவ்வண்ணம் தீட்டினான். இறைவாக்கினர் எரேமியா அதைப் பழித்தபோது இவ்விவரங்களை ஒன்றுவிடாமல் சொல்கிறார். சன்னலின் மீதோ வண்ணத்தின் மீதோ அவருக்குப் பகையில்லை. வேலை செய்தவனுக்குக் கூலி கொடுத்தாயா என்பதே அவர் கேள்வி. விவிலியத்தில் நான் அறிந்தவரை மிகக் கூர்மையான கட்டடத் திறனாய்வு இது. அதே கேள்வியோடு இந்நகரின் வீடுகளிடம் சென்றால் அழகின் வரலாற்றில் எழுதப்படாத பக்கங்கள் திறக்கின்றன.

மார் விஸ்டாவுக்கும் முன்னரே கிரகரி தொடங்கிய பெருங்கனவு ஒன்று இருந்தது. ரெசீடா என்னும் பகுதியில் ஒரு கூட்டுறவுச் சங்கம் நூறு ஏக்கர் நிலத்தில் 280 வீடுகள் கட்டத் திட்டமிட்டது. உறுப்பினர்களில் வெள்ளையரும் இருந்தனர். கறுப்பினத்தவரும் பிறரும் இருந்தனர். வரைபடங்கள் ஆயத்தம். நிலமும் கையில். ஆனால் கடனுக்குப் பொறுப்பேற்க வேண்டிய கூட்டரசின் வீட்டுவசதி நிறுவனம், வெள்ளையரல்லாதாரை விலக்கும் ஒப்பந்தம் இல்லாவிட்டால் உறுதி தர இயலாது என்றது. கலப்புக் குடியிருப்பு மனையின் மதிப்பைக் குறைக்கும் என்பது அதன் கணக்கு. சங்கம் அந்நிபந்தனைக்கு இணங்க மறுத்தது, வீடுகளும் எழவில்லை, சங்கமும் கலைந்தது. கேஸ் ஸ்டடி வீடுகளுக்குப் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்கும் நூல்களில் இந்த 280 வீடுகளுக்கு ஓர் அடிக்குறிப்பு கிடைத்தால் அரிது. கட்டப்படாத வீடுகளையும் சேர்த்து எண்ணாமல் ஒரு நகரின் கட்டடக்கலையை மதிப்பிட முடியுமா?

பால் வில்லியம்ஸ் என்பவரை நினைத்துக்கொள்கிறேன். 1923இல் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகத்தில் சேர்க்கப்பெற்ற முதல் கறுப்பினத்தவர். எதிரே அமர்ந்திருக்கும் வெள்ளையர், தம் அருகில் வந்து உட்காரக் கூசுவார்கள் என்பதால், அவர்கள் பக்கத்திலிருந்து நேராகத் தெரியும்படி தலைகீழாக வரையப் பழகிக்கொண்டவர். தாம் குடியேற முடியாத தெருக்களில் பிறருக்காக வீடு வீடாக வரைந்து கொடுத்தவர். இன விலக்கு ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றக் கூடாது என்று உச்சநீதிமன்றம் 1948இல் தீர்ப்பளித்தது. அதன் பின்னரே, 1950களின் தொடக்கத்தில், லஃபாயெட் சதுக்கத்தில் தமக்கென்று நவீன பாணியில் ஒரு வீடு கட்டிக்கொண்டார். அப்போது அவருக்கு வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. புனித யூதாவின் பெயரால் மெம்பிசில் 1962இல் திறக்கப்பெற்ற குழந்தைகள் மருத்துவமனைக்கு ஊதியம் பெறாமல் வரைபடம் தந்தவரும் இவரே. அவருடைய வீட்டை ‘நேர்த்தியான நவீன வீடு’ என்று மட்டும் எழுதிக் கடந்து போகிறவர் அதைப் பார்க்கவே இல்லை என்பேன்.

நாய்ட்ராவின் வரலாற்றில் இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்று உண்டு. வீடு கட்ட வருகிறவர்களின் அன்றாடப் பழக்கங்களை நீண்ட வினாப்பட்டியல் தந்து கேட்டறிந்த பின்னரே வரையத் தொடங்குவார் அவர். இத்துணைப் பரிவுடைய அவரும் ராபர்ட் அலெக்சாண்டரும் சாவேஸ் ரவீன் என்னும் பள்ளத்தாக்கில் ஏழைகளுக்கெனப் பொதுக் குடியிருப்பு ஒன்றைத் திட்டமிட்டார்கள். பதின்மூன்று மாடிக் கோபுரங்கள் இருபத்துநான்கு, இரண்டடுக்குக் கட்டடங்கள் 163. அங்கு ஏற்கெனவே மெக்சிக்க வழியினரான கத்தோலிக்கக் குடும்பங்கள் நூற்றுக்கணக்கில், ஆடு கோழி வளர்த்து, கோயிலும் பள்ளியுமாக வாழ்ந்துகொண்டிருந்தன. புதிய வீடுகளில் உங்களுக்கே முதலிடம் என்ற வாக்குறுதியோடு 1950 முதல் அவர்களை வெளியேற்றினார்கள். 1953இல் அரசியல் மாறி, திட்டம் கைவிடப்பட்டது. எஞ்சி நின்ற சிலரை 1959இல் காவலர்கள் தூக்கி வெளியேற்றினார்கள். 1962இல் அங்கு பேஸ்பால் விளையாட்டரங்கம் திறக்கப்பட்டது. திட்டம் நிறைவேறியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று வாதிடுவோர் உண்டு. ஒரு செல்வரின் குளியலறைப் பழக்கத்தைக்கூடக் கேட்டறிந்த கலைஞர், அப்பள்ளத்தாக்கின் பாட்டிமாரிடம் நீங்கள் கோபுரத்தில் வாழ விரும்புகிறீர்களா என்று கேட்டாரா என்பதே என் ஐயம். நல்லெண்ணத்தை நான் குறைகூறவில்லை. அது கேட்கப் பழகியிருக்க வேண்டும்.

இன்று இவ்வீடுகள் இருவகையில் அழிகின்றன. ஒன்று செல்வத்தால். கிரேக் எல்வுட் 1950இல் பிரென்ட்வுட் பகுதியில் கட்டிய சிம்மர்மன் வீட்டை வாங்கியவர்கள், பெரிய வீடு கட்டிக்கொள்வதற்காக 2024இல் அதை இடித்துவிட்டார்கள். பணம் உள்ளவர்களுக்கு மனைதான் வேண்டும், வீடு இடையூறு. மற்றொன்று தீயால். 2025 சனவரியில் காற்றோடு வந்த காட்டுத்தீ நகரின் மேற்கிலும் கிழக்கிலும் ஒரே வேளையில் பரவியது. ஈம்ஸ் வீடு மயிரிழையில் தப்பியது. புகை படிந்த அதைத் துப்புரவு செய்து, அவ்வாண்டிலேயே மீண்டும் பார்வைக்குத் திறந்தார்கள். உலகச் செய்தித்தாள்கள் மகிழ்ச்சியோடு அதை எழுதின.

கிழக்கே மலையடிவாரத்தில் அல்டடீனா என்ற ஊர். அங்கும் கிரகரி, எக்போவோடு சேர்ந்து, 1946 தொடங்கி அறுபது வீடுகளுக்குத் திட்டமிட்டு இருபத்தெட்டைக் கட்டி முடித்திருந்தார். பிற இடங்களில் வீடு வாங்க முடியாத கறுப்பினக் குடும்பங்கள் 1960களிலிருந்து அவ்வூரில் சிறுகச் சிறுக வீடு வாங்கிக் குடியேறின. ரெசீடாவில் அரசு நிறுவனம் கட்டவிடாத அந்தக் கலப்பு ஊர், யாரும் திட்டமிடாமலே இங்கு உருவாகியிருந்தது எனலாம். சனவரித் தீயில் அவ்வட்டாரத்தில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. கிரகரியின் வீடுகளிலும் பெரும்பகுதி சாம்பலானது. தெரு நெடுகிலும் புகைபோக்கிகள் மட்டும் நின்றன. அவருடைய வரைபடங்கள் சாந்தா பார்பரா பல்கலைக்கழகத்தின் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அதேபோன்ற வீட்டையே மீண்டும் கட்ட விரும்புகிறவர்கள் அங்கே உண்டு. காப்பீட்டுத் தொகை போதாமல், மனையை விற்றுவிட்டுப் போகிறவர்களும் உண்டு.